முதலில் கோட்புக், அப்புறம்தான் டவுன்லோட்

ஆராய்ச்சிக்குத் தரவுத்தொகுப்பு தேடிப்பிடிப்பது இப்போது அவ்வளவு பெரிய வேலை இல்லை. கூகுளின் தரவுத்தொகுப்புத் தேடல் 2018-ல் வந்தது, 2020-ல் சோதனை நிலையைத் தாண்டியபோதே அதில் சுமார் 2.5 கோடி தொகுப்புகள் இருந்தன. உங்கள் துறைக்கு எந்தக் களஞ்சியம் என்று தெரியாவிட்டால், தரவுக் களஞ்சியங்களைப் பட்டியலிடும் ரீ3டேட்டா தளத்தில் பார்க்கலாம். கஷ்டமெல்லாம் கிடைத்த பிறகுதான். ஒரே பெயரில் ஏழெட்டு வந்து நிற்கும், எதை எடுப்பது?

முன்பெல்லாம் தலைப்பையும் டவுன்லோட் எண்ணிக்கையையும் பார்த்தே எடுத்துவிடுவேன். இத்தனை பேர் எடுத்திருக்கிறார்களே, சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அதை உடைத்தது பிமா நீரிழிவுத் தொகுப்பு. மெஷின் லேர்னிங் படித்தவர்கள் பெரும்பாலும் ஒருமுறையாவது தொட்டிருப்பார்கள், 768 பெண்களின் மருத்துவ விவரங்கள் அதில் இருக்கின்றன. 35 பேருக்கு ரத்த அழுத்தம் 0. உயிரோடு இருப்பவருக்கு அப்படி இருக்க வழியே இல்லை, அளவு கிடைக்காத இடத்தில் 0 வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்சுலினில் இன்னும் மோசம், 374 பேருக்கு 0, அதாவது கிட்டத்தட்ட பாதிப்பேர். இதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை, ஆனால் கணினி ஒரு எச்சரிக்கையும் தராது.

அதனால் இப்போது பட்டியலில் ஒரு தொகுப்பைப் பார்த்ததும் நான் தேடுவது கோட்புக்கைத்தான், அதாவது தரவை விளக்கும் கோப்பை. ஒவ்வொரு நெடுவரிசையும் எதைக் குறிக்கிறது, என்ன அலகு, விடுபட்ட மதிப்பை எப்படிக் குறித்திருக்கிறார்கள் (சிலர் காலியாக விடுவார்கள், சிலர் -9, சிலர் 999), யாரிடம் எப்போது எப்படிச் சேகரித்தார்கள். இவை இல்லாமல் விவரக்குறிப்பு எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் எனக்கு அதில் பயனில்லை.

அடுத்தது மூலம். பிரபலமான ஐரிஸ் பூத்தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியியலாளர் ஃபிஷரின் 1936 கட்டுரையில் வந்தது, மொத்தம் 150 பூக்கள்தான். யுசிஐ களஞ்சியத்தின் பிரதியில் 35, 38-ஆவது வரிகள் அந்தக் கட்டுரையோடு ஒத்துப்போகவில்லை, அதை அவர்களே குறிப்பிட்டும் இருக்கிறார்கள். 150 வரியிலேயே இப்படி என்றால், லட்சக்கணக்கான வரிகள் உள்ள ஒன்றை யாரோ ‘சுத்தம் செய்து’ மறுபடி ஏற்றியிருந்தால்? முடிந்தவரை முதலில் வெளியிட்டவரின் பக்கத்துக்கே போய்விடுங்கள்.

வெர்ஷன் விஷயத்திலும் பலர் சறுக்குகிறார்கள். ஸெனோடோ என்ற களஞ்சியத்தில் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி டிஓஐ (நிரந்தர அடையாள எண்) உண்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுவாக இன்னொன்றும் உண்டு. கட்டுரையில் பொதுவானதைக் கொடுத்தால் நீங்கள் பயன்படுத்தியது எது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போகும், தனி டிஓஐயைக் கொடுங்கள். லைசென்ஸ் எதுவும் போடவில்லை என்றால் இலவசம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

கோட்புக் இல்லை, ஆனால் தரவு கட்டாயம் வேண்டும் என்ற நிலை வந்தால் பதிவேற்றியவருக்கே எழுதிக் கேட்பேன். எந்த நெடுவரிசை, எந்த மதிப்பு புரியவில்லை என்று குறிப்பாகக் கேட்டால் பதில் வருகிறது. ஒருமுறை பதிலோடு, தொகுப்பின் பக்கத்திலேயே விளக்கக் கோப்பு ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள், அடுத்து வருபவர் கேட்கவே வேண்டியதில்லை.