பக் ஒன்றுக்கு இவ்வளவு என்று அறிவித்தால்

மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டருக்கு, கண்டுபிடிக்கும் பக் (மென்பொருள் பிழை) ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை அறிவித்துப் பாருங்கள். எண்ணிக்கை மளமளவென ஏறும். தேதிப் பெட்டி 31 பிப்ரவரியை ஏற்றுக்கொள்கிறது என்ற ஒரே குறை, ஐந்து திரைகளுக்கு ஐந்து டிக்கெட்டாக, அதாவது ஐந்து தனிப் புகார்களாகப் பதிவாகும். ஐந்துக்கும் மூலம் ஒரே ஃபங்ஷன், அதாவது நிரலின் ஒரே துண்டு. திருத்தம் இரண்டு வரி. டெவலப்பருக்கோ பக் கூடினால் அப்ரைசலில் அடி. அவர் சும்மா இருப்பாரா? "இது பக்கே இல்லை, எழுதிக் கொடுத்த ஸ்பெக்கில் அப்படித்தான் இருக்கிறது" என்று ஒவ்வொரு டிக்கெட்டிலும் மல்லுக்கு நிற்பார். இதில் யாரும் ஏமாற்றவில்லை. கேட்டது எண்ணிக்கை, கொடுத்ததும் அதுதான்.

அபராதத்தின் கதை இன்னும் விசித்திரம். இஸ்ரேலின் ஹைஃபாவில் 10 பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் ஊரி க்னீசியும் ஆல்டோ ருஸ்டிச்சினியும் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. அவற்றில் 6 காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போக 10 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷேக்கல் அபராதம். தாமதமாக வருவோர் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. முன்பு இருந்த கூச்சத்தின் இடத்தில் கட்டணம் வந்து உட்கார்ந்துவிட்டது. காலை மீட்டிங்குக்குத் தாமதமாக வருபவர் உண்டியலில் காசு போட வேண்டும் என்ற ஏற்பாடும் இதே ரகம்தான். அதற்குப் பதில் காலண்டரைப் பாருங்கள்: முந்தைய மீட்டிங் 10 மணிக்கு முடிகிறது, இது 10 மணிக்குத் தொடங்குகிறது என்றால் 10:10க்குத் தள்ளினாலே போதும்.

டெட்லைன் தவறினால் தண்டனை என்பதுதான் இருப்பதிலேயே மோசம். ஐந்து நாள் வேலைக்கு எட்டு நாள் எஸ்டிமேட் வரும். அதுகூடப் பரவாயில்லை. ஸ்டேட்டஸ் அறிக்கை கடைசி வாரம் வரை பச்சையாகவே இருந்து திடீரென்று சிவப்பாகும். இரண்டாவது வாரமே தெரிந்திருந்தால் வேலையில் ஒரு பகுதியைத் தள்ளிப்போட்டிருக்கலாம். ஆகவே தாமதத்தை முன்கூட்டிச் சொன்னவருக்குத் தண்டனை கிடையாது, மறைத்தவருக்கு மட்டுமே உண்டு. சொல்ல வருபவரிடம் "யாரால்?" என்று தொடங்காதீர்கள். எது தடை, யார் உதவி வேண்டும், எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள். கண்டிக்க வேண்டியிருந்தால் தனியாக. குரூப் மெயிலில் வேண்டவே வேண்டாம்.

பரிசே கூடாதா என்றால், அப்படியில்லை. பழைய டேட்டாவைச் சுத்தம் செய்வது போன்ற சலிப்பான வேலைக்கு முன்கூட்டியே அறிவிக்கலாம். விரும்பிச் செய்யும் வேலைக்கு முடிந்த பிறகு, எதிர்பாராமல் கொடுங்கள். 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் சகாக்களும் ஓவியம் வரையப் பிடித்த குழந்தைகளிடம் பரிசை முன்னமே சொல்லிவிட்டு வரையச் சொன்னார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல் பரிசு பெற்றவர்களிடம் அது குறையவில்லை. பாராட்டு ஓரிரு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும், என்ன செய்தார் என்பதோடு. "சூப்பர்" என்பது கணக்கில் சேராது. "ரிலீஸுக்கு முன், பழைய பதிப்புக்குத் திரும்ப உதவும் ரோல்பேக் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்ததால் தப்பித்தோம்" என்பது சேரும். எட்டுப் பேரில் ஒருவருக்கு மட்டும் மாதப் பரிசு என்றால் அடுத்தவர் எழுதிய நிரலை ரிவ்யூ செய்ய நேரம் ஒதுக்குவது குறையும். கூட்டாக முடித்த வேலைக்குக் கூட்டாகவே கொடுங்கள்.

எந்தத் திட்டத்தையும் அறிவிக்கும் முன் டீமிலேயே கில்லாடியான ஒருவரைக் கூப்பிட்டு, "வேலை செய்யாமல் இந்தப் பணத்தை எப்படி வாங்குவாய்?" என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் மூன்று வழி சொன்னால் திருப்பி எழுதுங்கள். முடியும் தேதியையும் முதல் நாளே போட்டுவிடுங்கள், மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். தேதி போடாத பரிசை நிறுத்தினால் சம்பளத்தில் கைவைத்தது போலத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.