ஓடாத காரின் பேட்டரி

மதுரையில் இருக்கும் அப்பாவின் கார் மாதத்துக்கு ஒருமுறை வெளியே போனாலே அதிகம். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் ஓட்டுவதை விட்டுவிட்டதால், நான் சென்னையிலிருந்து போகும் நாட்களில்தான் அதற்கு வேலை. அப்படி நின்ற முதல் நான்கு ஆண்டுகளில் இரண்டு பேட்டரிகளை மாற்றினோம். இரண்டுமே உழைத்துத் தேய்ந்தவை அல்ல, நின்ற இடத்திலேயே செத்தவை.

மூன்றாவது பேட்டரியைப் பொருத்திய அன்று காரணத்தைத் தேட உட்கார்ந்தேன். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் டெர்மினலுக்கும் இடையில் மல்டிமீட்டரை இணைத்து, காரைப் பூட்டிவிட்டு, உள்ளிருக்கும் மின்னணுப் பெட்டிகள் உறங்கும் வரை அரை மணி நேரம் பொறுத்திருந்து பார்த்தபோது, மீட்டர் 25 மில்லி ஆம்பியர் காட்டியது. பழுது என்று சொல்ல முடியாத அளவுதான். ஆனால் நாளொன்றுக்கு 0.6 ஆம்பியர் மணி என்று கணக்கிட்டால் முப்பது நாளில் 18 ஆகிறது. அந்தப் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35. எதிலும் இணைக்காமல் வைத்தாலும் பேட்டரி தானாகவே இழக்கும் சார்ஜ், அதாவது வெயில் ஏற ஏற வேகம் பிடிக்கும் தன்னிழப்பு, இதற்கு மேல்.

மின்சாரம் இறங்கும்போது ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அந்த நுண்ணிய படிகங்கள் மறுபடி கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அவை பெருத்து இறுகி, எந்தச் சார்ஜுக்கும் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஒரு சில நொடிகள் நூற்றைம்பது ஆம்பியர் அளவுக்குத் தள்ளுவதற்காகவே மெல்லிய தகடுகளை நெருக்கமாக அடுக்கிய இந்த வகைப் பேட்டரிக்கு, பாதி காலியாகிக் கிடப்பது ஆகவே ஆகாது.

தினமும் பத்து நிமிடம் வண்டியை ஆன் செய்து வைத்தால் போதும் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு நொடி செல்ஃப் அடிப்பதற்கு 0.1 ஆம்பியர் மணிகூடச் செலவாவதில்லை. அதை, எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சீக்கிரமே ஈடுகட்டிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் சேர்ந்த கடன் அப்படித் தீராது. ஈய-அமில பேட்டரி நிரம்ப நிரம்ப மின்சாரத்தை மெதுவாகவே வாங்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏறவே பல மணி நேரம் ஆகும். பத்து நிமிட ஓட்டத்தில் எஞ்சினும் சூடாவதில்லை, சைலன்சருக்குள் ஈரம் தங்குவதுதான் மிச்சம்.

ஆகவே, சிறு அளவு மின்சாரத்தை நிதானமாக ஏற்றும் ட்ரிக்கிள் சார்ஜர். இங்கே நான் ஒரு தவறு செய்தேன். கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்த முதல் சார்ஜர் வெறும் டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும்தான். பேட்டரி நிரம்பியதா இல்லையா என்று பார்க்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒன்பது நாள் கழித்து வந்து பார்த்தபோது பேட்டரியின் பக்கங்கள் வெதுவெதுப்பாக இருந்தன, தகடுகள் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. நிரம்பிய பிறகு செல்லும் மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதற்கே செலவாகிறது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும் என்பதை நினைத்தால், மூடிய ஷெட்டில் அன்று எதுவும் நடக்காதது எங்கள் நல்ல நேரம்.

இப்போது இருப்பது 14.4 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, பிறகு 13.6 வோல்ட்டுக்கு இறங்கிக் காவல் இருக்கும் 1 ஆம்பியர் சார்ஜர். மாதக்கணக்கில் மாட்டியே வைக்கலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. நான் வைப்பதில்லை. அந்த 13.6 வோல்ட் 25 டிகிரிக்கு உரியது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். மே மாத மதுரையில் ஷெட்டுக்குள் 40 டிகிரி இருக்கும்போது 0.3 வோல்ட் அதிகமாகவே போய்க்கொண்டிருக்கும். என் சார்ஜரில் வெப்ப உணரி கிடையாது. வாரத்தில் இழப்பது 4 ஆம்பியர் மணிக்குச் சற்று மேல் என்பதால், ஞாயிறு இரவு போட்டுத் திங்கள் காலையில் எடுத்தாலே தாராளமாக நிரம்பிவிடுகிறது.

கிளிப்பைக் கவ்வ வைக்கும் வேலையை அப்பாவிடம் விடவில்லை. ஃபியூஸுடன் கூடிய ஒயர் ஒன்றை டெர்மினல்களில் நிரந்தரமாக முடுக்கி, அதன் முனையை வெளியே கொண்டுவந்துவிட்டேன். முதலில் முனையைச் செருகி, அதன் பிறகு சுவிட்சைப் போட வேண்டும். எடுக்கும்போது சுவிட்சை அணைத்த பிறகே முனையைப் பிடுங்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் சார்ஜர் தானாகத் தொடர்கிறதா என்று முதல் நாளே மெயினை அணைத்துச் சோதித்துக்கொண்டேன், ஏனெனில் சில சார்ஜர்கள் யாராவது பட்டனை அழுத்தும் வரை சும்மா இருந்துவிடும்.

தண்ணீர் ஊற்றுவது சார்ஜ் ஏறிய பிறகுதான், தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்னதாகவே. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் கூடாது. ஏசியிலிருந்து சொட்டுவதும் அதுதானே என்று பிடித்து வைப்பவர்கள் உண்டு. சுருளின் தூசியும் உலோகத் துணுக்கும் சேர்ந்தே சொட்டுகின்றன.

கெட்டுப்போன பேட்டரியை எந்தச் சார்ஜரும் எழுப்பாது. இரண்டாவது பேட்டரியைப் புதுச் சார்ஜரின் சல்பேட் நீக்கும் முறையில் மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டியது, செல்ஃப் அடித்ததும் 8-க்கு விழுந்தது.

மூன்றாவது பேட்டரி மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டது. சார்ஜரைப் போடுவதற்கு முன் அப்பா மீட்டர் வைத்துப் பார்த்து, வோல்ட்டை மாதக் காலண்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் எழுதிவிடுவார். பெரும்பாலும் 12.5 தான். ஒரே ஒரு வாரம் 12.3 என்று எழுதிவிட்டு எனக்குப் போன் செய்தார். முந்தின நாள் அரிசி மூட்டையை இறக்கியவர் டிக்கியைச் சரியாக மூடவில்லை. உள்விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.