பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி

மகள், ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் வரும் பிரெப் வகுப்பில் சேர்ந்த புதிது. மெல்பர்னில் பிப்ரவரி வெயில் காலை ஒன்பது மணிக்கே சுள்ளென்று அடிக்கும். வகுப்பறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பதற்கு, கேன்டீனில் உதவுவதற்கு, தோட்ட வேலைக்கு என்று பெற்றோர் தாங்களே பெயர் எழுத வேண்டிய தாள். வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்திய, இலங்கைப் பிள்ளைகள். தாளில் நம் பெயர் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு குழந்தையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஆட்களுக்குப் படிப்பில் ரொம்ப அக்கறை. இந்த மாதிரி வேலைகளில்தான் ஆர்வம் இல்லை போல" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சிரித்த முகத்தோடுதான் சொன்னார். எனக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

ஆர்வம் இல்லையா? விருதுநகர் பக்கத்தில் நான் படித்த பள்ளிக்கு என் அம்மா தினமும் மதியம் தூக்குவாளியோடு வருவார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்பார். நான் சாப்பிட்டு முடித்ததும் வாளியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். உள்ளே வரக்கூடாது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆனாலும் அந்த கேட்டோடு தன் பங்கு முடிந்தது, அதற்கு மேல் டீச்சர் பாடு என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த தலைமுறை அது. பெற்றோரைப் பள்ளிக்குக் கூப்பிட்டு அனுப்பினால் பிள்ளை ஏதோ வம்பு செய்திருக்கிறது என்று அர்த்தம். பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று ஒன்று இருந்தது, அதன் தலைவரை ஆண்டு விழா மேடையில் மாலையோடு பார்த்திருக்கிறேன். இப்போது அங்கும் மாறிவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், குழுவில் பாதி பெண்களாக இருக்க வேண்டும். என் அண்ணியே ஒரு குழுவில் உறுப்பினர். ஆனால் இங்கே வந்து குடியேறியிருக்கும் நாங்கள் அதற்கு முந்தைய பிள்ளைகள். கேட்டுக்கு வெளியே நிற்கும் பழக்கத்தை நாங்கள் மரியாதை என்றுதான் கற்றோம்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் அன்று விளக்க வாய்க்கவில்லை. தாளில் என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

எழுதியவுடன் உள்ளே விட்டுவிட மாட்டார்கள். விக்டோரியா மாநிலத்தில் பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு என்று ஒரு பின்னணிச் சோதனை இருக்கிறது. சொந்தப் பிள்ளை இருக்கும் வகுப்பில் உதவும் பெற்றோருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்றாலும் பல பள்ளிகள் எல்லோரிடமும் அதைக் கேட்கின்றன. தன்னார்வலர்களுக்குக் கட்டணம் இல்லை, ஐந்து வருடம் செல்லும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தன்னார்வலராக வாங்கியதை வைத்துச் சம்பள வேலைக்குப் போக முடியாது, அதற்குக் கட்டணம் கட்டி மாற்ற வேண்டும். இந்தச் சோதனை என்ற பெயரைக் கேட்டே நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். விசா, போலீஸ், விண்ணப்பம் என்று வருடக்கணக்கில் அலைந்தவர்களுக்கு இன்னொரு படிவம் என்றாலே வயிற்றைக் கலக்கும். உண்மையில் கையில் பாஸ்போர்ட் இருந்தால் அரை மணி நேர வேலை.

வாசிப்பு வேளைதான் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. குட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டால் ஒவ்வொரு பிள்ளையாகப் புத்தகத்தோடு வரும். 2025 முதல் இந்த மாநிலத்து அரசுப் பள்ளிகளில் பிரெப் முதல் இரண்டாம் வகுப்பு வரை, ஒலிகளைச் சேர்த்துச் சொல் படிக்கும் முறையில்தான் வாசிப்பு சொல்லித்தர வேண்டும், தினமும் குறைந்தது 25 நிமிடம். க், ஏ, ட் என்று ஒரு பையன் விரலை நகர்த்தி நகர்த்தி 'கேட்' (cat, பூனை) வரை வந்து சேர்ந்தபோது, முன்னால் இருந்த வெள்ளைப் பலகை மறைந்து எங்கள் ஒன்றாம் வகுப்புத் திண்ணை வந்துவிட்டது. "இக்கன்னா அனா, கானா" என்று டீச்சர் பிரம்பால் கரும்பலகையைத் தட்டத் தட்ட நாங்கள் கத்துவோமே, அந்தச் சத்தம் தெரு முனை வரை கேட்கும். ஒலியைப் பிடித்தால் எழுத்து வரும் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அந்தப் பையன் ஒரு பக்கம் படித்து முடித்துவிட்டு, "இப்போ உங்க முறை" என்று புத்தகத்தை என்னிடம் நீட்டினான். நான் படித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் சட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டினான். வீடு வந்து சேரும்வரை அதை நான் எடுக்கவில்லை.

எல்லாம் பழகிவிட்டது என்றே சொல்வேன். தொப்பி இல்லாவிட்டால் விளையாட்டு இல்லை என்பது பழகிவிட்டது. ஏப்ரல் 30க்குள் ஐந்து வயது முடிந்தால்தான் பிரெப் என்பதும் பழகிவிட்டது. எங்களை எல்லாம் தலைக்கு மேல் கையைப் போட்டு எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்லித்தானே சேர்த்தார்கள்? எட்டாத பிள்ளையின் தலையை அப்பாக்கள் கொஞ்சம் சாய்த்துவிடுவார்கள், ஹெட்மாஸ்டரும் பார்க்காத மாதிரி இருப்பார். இங்கே இடைவேளைக்கு ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுகிறார்கள். நல்ல பாட்டுதான். ஆனாலும் அது வரும்போதெல்லாம் என் காது தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தேடுகிறது.

2025 மே 3ஆம் தேதி, சனிக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தல். எங்கள் பள்ளியும் வாக்குச்சாவடி. இங்கே வாக்குச்சாவடி என்றால் வாசலில் பெற்றோர் அடுப்பு வைத்து, ரொட்டியில் சாசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்து விற்பார்கள், பணம் பள்ளிக்குப் போகும். குடியுரிமை வாங்காததால் எனக்கு வாக்கு இல்லை, வெங்காயம் வதக்கும் வேலை இருந்தது. சைவக்காரர்களுக்குத் தனித் தட்டு, தனி இடுக்கி வேண்டும் என்று கேட்டேன், மறுபேச்சில்லாமல் வைத்தார்கள். கேக் மேசைக்கு முந்திரி போடாத ரவா லட்டு செய்து, என்னென்ன சேர்த்திருக்கிறது என்று எழுதி ஒட்டிக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் காலி. 1924 முதல் இங்கே வாக்களிப்பது கட்டாயம் என்பதால் வரிசை நின்றுகொண்டே இருந்தது. போட்டுவிட்டு வெளியே வருகிறவர்களின் விரலை நான் என்னையறியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே மை கிடையாது, பட்டியலில் பெயரை அடித்துவிடுவதோடு சரி. அப்பா ஓட்டுப் போட்டு வந்ததும் அந்த மை விரலை நாங்கள் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்ப்போம்.

அங்கேயும் நம் ஆட்கள் வாங்குகிற வரிசையில்தான் இருந்தார்கள், விற்கிற பக்கத்தில் மிகக் குறைவு. ஒன்பது மணிக்கு உதவி கேட்டால் இரவு ஷிப்ட் முடித்த நர்ஸும் வேர்ஹவுஸில் வேலை பார்ப்பவரும் தூங்கப் போகும் நேரம் அது. அது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கதவில் ஒட்டிய தாளும் செயலியில் வரும் செய்தியும் நமக்கு அழைப்பே இல்லை. கூடப்பிறந்தவள் வீட்டுக் கல்யாணமானாலும் தட்டோடு வீடு தேடி வந்து "அவசியம் வரணும்" என்று சொன்னால்தான் நாம் போவோம். வாட்ஸ்அப்பில் பத்திரிகை வந்தால், பொதுவாக அனுப்பியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம். இதை மகளின் வகுப்பு ஆசிரியையிடமே சொன்னேன். தாளை எடுக்க வேண்டாம், கூடவே பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களிடம் ஒவ்வொருவராக, பெயர் சொல்லிக் கேளுங்கள் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். கேட்கவும் செய்தார்.

அடுத்த சனிக்கிழமைத் தோட்ட வேலைக்கு வந்தவர்களைப் பார்க்க வேண்டுமே! பஞ்சாபி அப்பாக்கள், கேரளத்து நர்ஸ் ஒருவர், ராத்திரி லாரி ஓட்டும் தஞ்சாவூர்க்காரர். தஞ்சாவூர்க்காரர் யாரோடும் அதிகம் பேச மாட்டார், ஆங்கிலத்தில் கூச்சம். மண்வெட்டி கைக்கு வந்ததும் பள்ளியின் காய்கறிப் பாத்திகளை ஒரு பார்வை பார்த்தார். தண்ணீர் ஒரு மூலையில் தேங்குகிறது, மறுமூலை காய்கிறது என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, வாய்க்கால் மாதிரி சரிவு எடுத்துக் கொடுத்தார். தோட்டப் பொறுப்பாளர் அவர் பின்னாலேயே நடந்தார். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் மரச்சக்கையைத் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டே சொன்னார்: "ஊரில நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு இஞ்சயிருந்து வருசா வருசம் காசு சேர்த்து அனுப்புறம் தங்கச்சி. பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்குள்ள இண்டைக்குத்தான் வாறன். ஒருத்தரும் கேக்கேல்லயே." அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அக்கா என்றேன்.

அம்மா அக்டோபரில் வருகிறார். அந்தப் பருவத்தில் எங்கள் பள்ளியில் தாத்தா பாட்டிகளுக்கு என்று ஒரு நாள் வைத்திருக்கிறார்கள், வகுப்பறைக்கே போய்ப் பேரப்பிள்ளையோடு உட்காரலாம். போனில் சொன்னதும், "உள்ளயா? டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்றார். டீச்சரேதான் கூப்பிட்டார் என்றேன், உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், அரக்குப் பட்டு கட்டவா, இல்லை அந்த மயில்கழுத்து நிறத்துச் சுங்குடி போதுமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். பட்டையே எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.