சோக் போட்டால் மட்டும் ஓடிய ஆர்எக்ஸ் 100

அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) தவறிய பிறகு 14 மாதம் அந்த வண்டியை யாரும் எடுக்கவில்லை. நான் கோயம்புத்தூரில். பள்ளத்தூர் வீட்டில் பெரியாத்தா மட்டும். இரண்டாங்கட்டு நடையில் பழைய ஜமுக்காளம் போர்த்தி நின்றது யமஹா ஆர்எக்ஸ் 100. குளிர் நாடுகளில் பனி விழும் மாதங்களுக்கு பைக்கை மூடி வைப்பவர்கள் அதற்கென்று சில வேலைகளைச் செய்துவிட்டுத்தான் மூடுவார்கள். நமக்குப் பனி ஏது? வீட்டில் ஆள் இல்லாமல் போவதுதான் இங்கே வண்டிக்குப் பனிக்காலம். நான் செய்ததெல்லாம் ஸ்டாண்டு போட்டுச் சாவியை மாடத்தில் வைத்தது மட்டும். பெட்ரோல் டேப்பை மூடவில்லை. டேங்க்கில் கால்வாசிதான் பெட்ரோல். இரண்டு தப்பும் வட்டியோடு திரும்பி வந்தன.

பொங்கல் முடிந்த மறுநாள் வண்டியைப் பின்வாசல் வழியாகத் தெருவுக்குத் தள்ளினேன். டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய பெயிண்ட் டப்பா வாசனை. அதை முழுக்க வடித்துவிட்டு ஒன்றரை லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி, பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டு, உதைத்தேன். முப்பது உதைக்கு அப்புறம் சோக்கில் (குளிர்ந்த வண்டியைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் விடும் நெம்புகோல்) பிடித்தது. சோக்கை எடுத்ததும் நின்றது. போட்டால் ஓடுகிறது, எடுத்தால் செத்துப்போகிறது. பத்து தடவையும் அதே கதை.

காரைக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மினி ஆட்டோவில் ஏற்றிப் போனேன். பையன் இரண்டு உதை உதைத்துவிட்டு, "கார்ப்பரேட்டர் போச்சுண்ணே. புதுசு போட்றலாம்" என்றான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்ப்பரேட்டர். அதைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனி ஒரிஜினலா என்று கேட்டேன். "அது இப்ப எங்கண்ணே வருது? இது அதே மாதிரிதான்." 1996லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. இத்தனை வருஷம் ஓடிய மிக்குனி கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு "அதே மாதிரி" ஒன்றை வாங்க மனசு வரவில்லை. வண்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஆட்டோ வாடகை இரண்டு தடவை தண்டம்.

சோக் போட்டால் மட்டும் ஏன் ஓடுகிறது? கார்ப்பரேட்டருக்குள் சோக்குக்குத் தனிப்பாதை. வண்டி மெதுவாக நின்று ஓடும்போது பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டு. அது அடைத்திருந்தாலும் சோக் பாதை வழியாகப் பெட்ரோல் போகும். அதனால் சோக்கில் உயிர் இருக்கும், எடுத்தால் போய்விடும். அடைப்பு எப்படி வந்தது என்பதற்கு என் டேப்பே சாட்சி. கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மெல்ல ஆவியாகும். டேப் திறந்திருப்பதால் டேங்க்கிலிருந்து மறுபடி இறங்கும். அதுவும் ஆவியாகும். போவது ஆவி மட்டும்தான், பிசின் அங்கேயே தங்கும். 14 மாதம் இப்படியே காய்ச்சினால் பாகு பதம் வராமல் என்ன செய்யும்?

வளவு (வீட்டு நடுமுற்றம்) ஓரத்தில் தினமணியை விரித்து உட்கார்ந்தேன். கிண்ணத்தின் திருகுகள் அசையவில்லை. கைக்குக் கிடைத்த ஸ்டார் டிரைவரை வைத்து முறுக்கியதில் ஒன்று தலை மழுங்கிவிட்டது. அளவுக்குச் சரியான டிரைவர் வாங்கி, மூலையில் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறப்போட்டிருந்தால் அந்தத் திருகு பிழைத்திருக்கும். கிண்ணத்துக்குள் வேப்பம்பிசின் மாதிரிப் பழுப்பாக ஒரு படலம், அடியில் பச்சைப் பொடி. பைலட் ஜெட்டைக் கழற்றி வளவு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஊசி முனையளவு ஓட்டை தெரிய வேண்டும். இருட்டு.

ஊக்கால் குத்த நினைத்த கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன். பித்தளை மெத்து. இரும்பு ஊசி ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டால் ஜெட் குப்பைக்குத்தான். கார்ப் கிளீனரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, கரண்டு ஒயரின் செம்பு இழை ஒன்றை நுழைத்தேன். மூன்றாம் தடவை பார்த்தபோது வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. "என்னடா அதில, மூக்குத்தியா?" என்று பெரியாத்தா கேட்டார்.

மாட்டி உதைத்தேன். பிடித்தது. சோக் எடுத்த பிறகும் ஓடியது, ஆனால் ஸ்லோ (ஆக்சிலேட்டரை விட்டபின் மெதுவாக ஓடுவது) நிற்கவில்லை. ஜெட்டை மட்டும் கழுவி, அது போய்ச் சேரும் பாதையைக் கழுவாததுதான் காரணம். மறுபடி கழற்றினேன். இந்தத் தடவை காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்குரூவையும் எடுத்தேன். மாட்டும்போது அதே அளவில் நிறுத்துவதற்காக, எடுக்கும் முன்னால் அதை முழுக்க உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டேன். ஒன்றரை. அந்தத் துளையில் கிளீனர் அடித்தால் ஸ்லைடு இருக்கும் குழாய்க்குள் சின்னத் துவாரங்கள் வழியாகத் தாரை வெளியே வர வேண்டும். முதலில் வரவில்லை. கார்ப்பரேட்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துப் பஞ்சர் கடைக்குப் போய் ஏர் அடிக்கச் சொன்னேன். கருப்பாக ஏதோ தெறித்தது. "அஞ்சு ரூபாய்க் காத்துக்கு எம்புட்டு அழுக்கு பாரு தம்பி" என்றார் கடைக்காரர். அன்று சாயங்காலம் வண்டி ஸ்லோவில் நின்றது. டூ ஸ்ட்ரோக் புகை வளவுவரை வந்தது. அப்பச்சி வெளியே போய்விட்டுத் திரும்பினால் வரும் வாசனை. சும்மா ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன்.

அடுத்த நாள் காரைக்குடிக்குக் கிளம்பினேன். கோட்டையூர் தாண்டியதும் இழுவை குறைந்து நின்றது. கார்ப்பரேட்டரைத் திட்டிக்கொண்டே, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்'ஸென்று காற்று உள்ளே போனது. மூடிப் பூட்டி உதைத்தால் முதல் உதையில் பிடித்தது. கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நின்றது. மறுபடி திறந்தேன், மறுபடி 'புஸ்'. அப்போதுதான் உறைத்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக மூடியில் ஒரு மூச்சுத்துளை இருக்கும். குளவி அதில் மண் வைத்துப் பூசியிருந்தது. ஈர்க்குச்சியால் குத்தினால் விழும் மண்ணுக்காக ரோட்டோரம் முக்கால் மணி நேரம். டூ ஸ்ட்ரோக்கில் இதை விளையாட்டாக எடுக்க முடியாது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்து ஓடினால் சூடேறி பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது இறுகிச் சிக்கிக்கொள்ளும். எண்ணெயும் பெட்ரோலோடுதானே போகிறது.

இதோடு முடிந்தது என்று நினைத்து அன்றைக்கும் டேப்பை மூட மறந்து படுத்தேன். காலையில் பெரியாத்தாவின் குரலில்தான் எழுந்தேன். நடையின் ஆத்தங்குடிக் கல்லில் பெட்ரோல் ஓடிக் காய்ந்து, சிவப்புப் பூவும் பச்சை இலையும் போட்ட நாலு கல்லில் கறை. "அடுப்பு பத்த வெச்சிருந்தா என்னடா ஆயிருக்கும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக ராத்திரி முழுக்க வடிந்திருக்கிறது. மூன்றாம் தடவையாகக் கழற்றினேன். கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடில் உட்காரும் இடத்தில் ஒரே ஒரு துருத் துணுக்கு, கடுகில் பாதி. நீடில் முழுசாக மூடாமல் நின்றதற்கு அதுவே போதும்.

டார்ச் அடித்து டேங்க்குக்குள் பார்த்தேன். பெட்ரோல் இருந்த மட்டத்துக்கு மேலே முழுக்கச் செம்மண் நிறம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முக்கால் காலி டேங்க்குக்கு வேறென்ன ஆகும்? இரண்டு நாளாக நான் கார்ப்பரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன், டேங்க் மேலே இருந்து அதில் குப்பை போட்டுக்கொண்டிருந்தது.

பெரியாத்தா புளி போட்டு ஊறவைக்கச் சொன்னார், குத்துவிளக்குக்குச் செய்கிற மாதிரி. மெல்லிய துருவென்றால் அது நடக்கும், இது தடித்த துரு. எனக்கு ஞாபகம் வந்தது பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டிய சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். இரும்பு அரிப்பை ஆராய்வது அவர்கள் வேலைகளில் ஒன்று. அதை அடுத்த ஊரில் வைத்துக்கொண்டு டேங்க்கைத் துருப்பிடிக்க விட்ட ஆள் நான்.

மின்சாரம் விட்டே துருவைக் கழற்றுவது என்று முடிவு செய்தேன். டேங்க்கைச் சோப்புத் தண்ணீரால் பெட்ரோல் வாடை போகும்வரை கழுவி, டேப்பைக் கழற்றி அந்த ஓட்டைக்கு ரப்பர் அடைப்பு வைத்து, சலவை சோடா கரைத்த தண்ணீரை நிரப்பினேன். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. கட்டிட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பி ஒன்றை, டேங்க்கில் எங்கும் படாதபடி சைக்கிள் டியூப் சுற்றி வாய்க்குள் தொங்கவிட்டேன். பேட்டரி சார்ஜரின் பிளஸ் அந்த முறுக்குக் கம்பிக்கு, மைனஸ் டேங்க்குக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க்தான் கரையும். எவர்சில்வர் கம்பி கூடாது, அதிலிருந்து நஞ்சு இறங்கும். குமிழியாக வருவது ஹைட்ரஜன். அதனால் கிணற்றடியில், திறந்த வெளியில் வைத்து, அடுப்போ பீடியோ அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் கம்பியை எடுத்தால் குங்குமக் குழம்பு மாதிரிச் சேறு. இரண்டு தடவை தண்ணீர் மாற்றி, கழுவி, வெயிலில் காயவைத்து, ஈரம் போனதும் பெட்ரோலும் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான 2டி எண்ணெயும் கலந்து உள்ளே சுழற்றினேன். அது இல்லையென்றால் அன்றைக்கே மறுபடி துருப்பிடிக்க ஆரம்பிக்கும். டேப்புக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன ஃபில்டர். மொத்தச் செலவில் உருப்படியானது அந்த ஃபில்டர்தான்.

கோயம்புத்தூர் கிளம்பும் முன்னால் கானாடுகாத்தான்வரை போய் வந்தேன், எங்கும் நிற்கவில்லை. திரும்பி வந்து டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பி, டேப்பை மூடி, கிண்ணத்துப் பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக அணையும்வரை ஓடவிட்டேன். டேப் மூடியிருக்கிறதா என்று இப்போது வாரம் ஒருதரம் பெரியாத்தா போனில் சொல்லிவிடுகிறார். ஆத்தங்குடிக் கல்லின் கறை போகவில்லை. அதன்மேல் பித்தளை அண்டாவை நகர்த்தி வைத்திருக்கிறாராம்.