லோரன்சில நிக்குமோ?

டொரோண்டோவின் கிழக்கே ஸ்காபரோவுக்குச் சுரங்க ரயிலை நீட்டும் திட்டம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்ட ஒரு கூட்டம். லோரன்ஸ் வீதியைப் பற்றி அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, இது லோரன்சில நிக்குமோ?"

"இப்போதைய திட்டத்தில இல்லை அம்மா. கென்னடியில வெளிக்கிட்டா நேரே ஸ்காபரோ சென்டர்தான்" என்றேன். அவர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சப்வே வந்தா நல்லம்தான். ஆனா எனக்கெண்டு வராது" என்றார்.

படிவத்தில் ஆதரவு, எதிர்ப்பு, கருத்தில்லை என்று மூன்று கட்டங்கள். நான் ஆதரவில் புள்ளடி போட்டேன். கீழே இருந்த ஒற்றைக் கோட்டில், சுரங்க ரயில் வருவது நல்லது என்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவ்வளவுதான் நடந்தது. 2016 கோடைக்குச் சற்று முன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது எனக்குள் கிடந்து அரிக்கிறது.

பொய் எழுதவில்லை. அவர் "நல்லம்" என்றுதான் சொன்னார். எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் காத்து நின்றார்கள். அவருக்கு ஆங்கிலம் எழுத வராது. தமிழ் தெரிந்த ஒருவர் நிற்கவேண்டும் என்றுதான் நான் வேலை செய்த ஆலோசனை நிறுவனம் என்னை அந்த மண்டபத்துக்கு அனுப்பியது. தமிழ் தெரிந்தவன் என்பதால்தான் இது உறுத்துகிறது என்றும் நினைக்கிறேன். அந்தத் "தான்" இருக்கிறதே, "நல்லம்தான்" என்பதில் வரும் "தான்", அதிலேயே மறுப்புப் பாதி வந்துவிடுகிறது. வீட்டில் அம்மா "சமைக்கிறது நல்லம்தான்" என்று இழுத்தால் அன்றைக்குக் கடைச்சாப்பாடு என்று எங்களுக்கு விளங்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த "தான்" என் கையிலிருந்து விழுந்துவிட்டது. "எனக்கெண்டு வராது" என்பதை நானாகவே விட்டுவிட்டேன். அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரே நிலையம் என்ற அந்தத் திட்டத்தை நான் உண்மையாகவே நம்பினேன். 2013இல் நகரசபை ஒப்புக்கொண்டது மூன்று நிலையங்கள். 2016 ஜனவரியில் லோரன்சும் ஷெப்பர்டும் கழிந்து ஒன்றானது. சுரங்கம் தோண்டுவதைவிட நிலையம் கட்டுவதுதான் பணத்தை விழுங்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மேலிருந்து பெரிய குழி வெட்டி, நிலத்தடி நீரைத் தடுத்து, வாசல், மின்தூக்கி, காற்றோட்டம் எல்லாம் வைக்கவேண்டும். லோரன்ஸ், மக்கோவன் சந்திக்குப் பக்கத்தில் ஹைலண்ட் ஓடையின் கிளை குறுக்கே போகிறது. தண்டவாளம் அதற்கும் கீழே இறங்கவேண்டும். இந்த இரண்டு நிலையங்களையும் கைவிட்டால் மிஞ்சும் பணத்தில், எக்ளிங்டன் வீதியால் கிழக்கே பல்கலைக்கழக வளாகம் வரை 17 நிறுத்தங்களோடு, வீதி மட்டத்தில் ஓடும் இலகு ரயில் போடலாம் என்றார்கள். ஒரு நிலையமும் 17 நிறுத்தமும். அதிகம் பேருக்குப் பயன். கணக்கு நேராக இருந்தது. நேரான கணக்கைக் கண்டால் நான் இப்போதும் மயங்குகிறவன்.

ஜனவரியில் 200 கோடி டொலர் என்றார்கள். ஜூனில் அது 290 கோடி ஆனது. 17 நிறுத்தங்களுக்கு வைத்திருந்த பணத்தைச் சுரங்கமே சாப்பிட்டுவிட்டது. ஜூலையில் நகரசபை அந்த ஒற்றை நிலையத்தையே ஏற்றது. அப்போது எனக்கு அந்த அம்மாவின் நினைவு வந்ததா என்று கேட்டால், இல்லை. வந்தது என்று எழுதினால் கதை வடிவாக இருக்கும், ஆனால் வரவில்லை.

வந்தது பிறகு, வேறோர் இடத்தில். பயணிகள் கணிப்பு எப்படிச் செய்கிறார்கள் என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளைக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ரயில் எவ்வளவு பேரைத் தாங்கவேண்டும் என்பதைக் காலை உச்ச மணியில், நெரிசல் கூடிய திசையில் போகிறவர்களை வைத்துத்தான் கணிக்கிறோம் என்றேன். "அப்ப பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறவை?" என்று அவள் கேட்டாள்.

லோரன்ஸ், மக்கோவன் சந்தியில் இருப்பது ஆஸ்பத்திரி. அந்த அம்மா அதைச் சொல்லவேயில்லை. நானும் கேட்கவில்லை. அவருக்கு லோரன்சில் என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீடு அங்கே இருக்கலாம், மகள் இருக்கலாம், கிழமைக்கு மூன்று தரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவராகவும் இருக்கலாம். "ஏன் அம்மா, அங்க போவீங்களோ?" என்று கேட்க எத்தனை நேரம் பிடித்திருக்கும்? வரிசையில் நின்ற பத்துப் பேரும் அதற்காகக் கோபிக்கமாட்டார்கள். கோபித்தால்தான் என்ன?

சரி, கேட்டிருந்தாலும் என்ன மாறியிருக்கும்? இப்படித்தான் நான் என்னைச் சமாதானப்படுத்துவது. நூற்றுக்கணக்கான படிவங்களில் ஒன்று. அறிக்கையில் விழுக்காடாகக் கரைந்திருக்கும். 2019இல் மாகாண அரசு திட்டத்தைக் கையில் எடுத்து மறுபடியும் மூன்று நிலையங்கள் என்றது. 7.8 கிலோமீட்டர், லோரன்சும் உண்டு. அந்த அம்மா கேட்டது கிடைக்கத்தான் போகிறது. அதில் என் படிவத்துக்கு ஒரு பங்கும் இல்லை. இந்த இடத்துக்கு வந்ததும் மனம் ஆறவேண்டும். ஆறுவதில்லை. ஒரு நிலையமே போதும் என்று அன்று நான் நம்பியதை இன்றும் முழுக்கத் தூக்கி எறிய முடியவில்லை என்பதும் ஒரு காரணம். அந்த 17 நிறுத்தங்கள் கட்டப்பட்டிருந்தால், சுரங்கம் ஒருபோதும் எட்டாத குடியிருப்புகளுக்கும் ரயில் போயிருக்கும். அங்கேயும் இதே போல ஓர் அம்மா இருந்திருப்பார். அவர் எங்கள் மண்டபத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இதற்குள் கென்னடியிலிருந்து ஸ்காபரோ சென்டர் வழியாக 1985இலிருந்து ஓடிய பழைய ரயிலும் போய்விட்டது. 2023 ஜூலை 24 மாலை கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. ஐந்து பேருக்குக் காயம். அந்த நவம்பரில் எப்படியும் நிறுத்த இருந்ததை அதோடு நிறுத்திவிட்டார்கள். அதே வருடத் தொடக்கத்தில்தான் புதிய சுரங்கத்துக்கு இயந்திரம் தோண்டத் தொடங்கியிருந்தது. பனிக்காலத்தில் கென்னடியில் மாற்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் முகங்கள். ஸ்காபரோவுக்கு எந்த ரயில் என்ற முடிவை ஒவ்வொரு முறையும் நாங்கள் மாற்றிக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றா எழுதினேன்? நான் முடிவெடுக்கவில்லை. படிவம் நிரப்பினேன்.

இப்போது நான் வேறு இடத்தில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குக் கூட்டங்களில் எப்படிக் குறிப்பெடுப்பது என்று சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. ஆள் சொன்னதை அவருடைய சொல்லிலேயே எழுதுங்கள், மொழிபெயர்த்தால் மூலத்தையும் பக்கத்தில் வையுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன்.

போன மாதம் ஒரு கூட்டத்தில் ஆள் குறைவு, நானே மேசையில் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் பஸ் தரிப்பைப் பற்றி நெடுநேரம் கதைத்தார். இடையில் ஊர், மனைவியின் முழங்கால், பேரப்பிள்ளை எல்லாம் வந்தது. அவர் போன பிறகு என் குறிப்பைப் பார்த்தேன். ஒரே வரி. "நிழற்குடை கேட்கிறார்." எழுந்து வெளியே ஓடினேன். வாகனத் தரிப்பிடத்தில் யாரும் இல்லை.