ஒன்பது முப்பத்தெட்டு

தாழ்ப்பாள் போடச் சொன்னது நான்தான். வகுப்பு ஒன்பது மணிக்கு. ஒன்பது பத்துக்குக் கதவைச் சாத்திவிடுவோம். அதற்கு மேல் வருகிறவர்கள் மறுநாள் வரலாம். மும்பை தாராவியில் தொண்ணூறு அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரும்பு ஏணியில் ஏறிப்போனால் மாடியில் எங்கள் மையம். பாதியில் படிப்பை விட்ட பிள்ளைகளைத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத வைக்கிற இடம். கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் கையைப் பிடித்திருக்கும். அது கையை விட்ட பிறகு எங்களிடம் வருகிறவர்கள் இவர்கள். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். தோல் பட்டறை, தையல், இட்லி வியாபாரம்.

நான் சேர்ந்தபோது பதிவேட்டில் இருபத்தாறு பெயர்கள். ஒன்பது மணிக்கு ஏழு பேர் இருப்பார்கள், பத்தரைக்குப் பதினெட்டுப் பேர் ஆவார்கள். ஒரே காரணிப்படுத்தலை ஒரு காலையில் நான்கு முறை கரும்பலகையில் போட்டு அழித்த நாளில்தான் தாழ்ப்பாள் யோசனை வந்தது.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே பலித்தது. ஏழு, பதின்மூன்று ஆனது. வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் எண்ணிப் பார்த்தால், முன்பு பத்தரைக்கு இருந்த பதினெட்டுப் பேர் இப்போது எந்த நேரத்திலும் இல்லை. பதின்மூன்றோடு நின்றுபோயிருந்தது.

காணாமல் போன ஐவரில் ஒரு பெண்ணை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. பதினாறு வயது, கணக்கில் கெட்டி. வகுப்பில் நான் தப்புப் போட்டால் சத்தமில்லாமல் விரலைத் தூக்குவாள். பதினோரு நாள் வரவில்லை. ஒரு மதியம் அவள் வீட்டைத் தேடிப்போனேன். வாசலில் உட்கார்ந்து ஒரு மூட்டை சட்டைகளுக்குப் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கைக்குக் கூலி. அம்மா எனக்குத் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "இரண்டு நாள் வந்து பார்த்தாளாம் டீச்சரம்மா. கதவு சாத்தியிருந்ததாம். படியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். எதற்கு அலைச்சல் என்று நான்தான் இருக்கச் சொன்னேன்."

கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கிளம்பும்போதுதான் வாசலை ஒட்டி நின்ற நீல டிரம்கள் கண்ணில் பட்டன. இரண்டு பெரியது, நான்கு குடம், ஒரு பெயின்ட் வாளி. அந்தச் சந்தில் மாநகராட்சித் தண்ணீர் காலையில் சில மணி நேரம்தான் வரும். குழாய் பொது, வரிசை உண்டு. அவர்கள் வீட்டு முறை கடைசிக்கு முந்தியது. அம்மா ஆறரைக்கே மாட்டுங்காவில் வீட்டு வேலைக்குப் போய்விடுவார். தம்பிக்கு ஒன்பது வயது, குடம் தூக்க முடியாது. வாளி வாளியாகத் தூக்கி, டிரம்மை மூடி, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் அவள் கிளம்ப முடியும். பாவாடை விளிம்பு நனைந்தபடியே வகுப்புக்கு வருவாள் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஏன் நனைந்திருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மறுநாள் தாழ்ப்பாளை விட்டேன். கூடவே, பதிவேட்டைத் தவிர நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் போட்டேன். வந்தார், வரவில்லை என்ற குறியெல்லாம் அதில் கிடையாது. வந்த நேரம் மட்டும். திட்டக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, எழுத மட்டும் வேண்டும் என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். (திட்டாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது.)

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் வரிசையைப் பார்த்தேன். 9.35, 9.40, 9.38, 9.38, 9.36, 9.38. இவளையா தாமதக்காரி என்றேன்? எங்கள் மையத்தில் இவளைவிட நேரம் தவறாத ஆள் நான் உட்பட யாரும் இல்லை. அவள் கடிகாரம் குழாயில் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். கணக்கு வகுப்பை ஒன்பதே முக்காலுக்குத் தள்ளி, முதல் முக்கால் மணியை வாசிப்புக்கும் மதிப்பீட்டுப் பயிற்சித்தாள்களுக்கும் ஒதுக்கினேன். இதைச் செய்ய ஐந்து நிமிடம் பிடித்தது. இரண்டு வருடம் யாருக்கும் தோன்றவில்லை.

நோட்டு எல்லோரையும் நல்லவர்களாகக் காட்டிவிடவில்லை. ஒரு பையனுடைய நேரங்கள் 9.05, 10.50, ஒன்றுமில்லை, 9.20, 11.10 என்று குதித்தன. கேட்டால் தண்ணீர் என்பான். "உங்கள் சந்தில் சாயங்காலம்தானே தண்ணீர் வரும்?" என்று கேட்டாள் நம் 9.38. வகுப்பே சிரித்தது. அவன் கிரிக்கெட் ஆடிவிட்டு வருகிறான். அவனிடம் கண்டிப்பாக இருந்தேன், இன்றும் அதற்கு வருந்தவில்லை. குடும்பச் சூழ்நிலை என்ற சொல்லைக் கேட்டதும் உருகிவிடுகிற ஆசிரியரைப் பிள்ளைகள் இரண்டே நாளில் எடைபோட்டுவிடுவார்கள்.

இட்லிக்காரர் மகன் விஷயத்தில் நான் தோற்றேன். அவனுக்குப் பதினைந்து வயது. வீட்டில் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள். ஆறு மணிக்கு அப்பா ஒரு சைக்கிளிலும் அவன் ஒரு சைக்கிளிலும் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி மாஹிம் பக்கம் போவார்கள். திரும்பும்போது பதினொன்று. மாலையில் மாவு அரைக்க வேண்டும். பதினோரு வயதிலிருந்தே இந்த நேரக்கணக்குதான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகள் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. விடியற்காலை மூன்று மணி எந்தப் பள்ளியின் நேரமும் அல்லவே.

அவனுக்காகவும் அவனைப் போன்ற இன்னும் மூவருக்காகவும் அரிசி ஊறுகிற நேரத்தில், பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை, தனி வகுப்பு வைத்தேன். வருகை நூற்றுக்கு நூறு. ஒரு நாள் தவறவில்லை, ஒரு நிமிடம் பிந்தவில்லை. வந்து உட்கார்ந்து பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவான். பேனா விரலிடுக்கில் அப்படியே நிற்கும். எழுப்பிப் பார்த்தேன், தண்ணீர் தெளிக்கச் சொன்னேன், கடைசியில் முதல் அரை மணி நேரம் தூங்கிக்கொள் என்று பாயே போட்டுக் கொடுத்தேன். பதிவேட்டில் அவன் வந்திருந்தான். ஆறு மாதம் கழித்து நின்றுகொண்டான். அவன் அப்பாவிடம் பேசியபோது, "உங்களிடம் வந்தால்தான் பையன் நன்றாகத் தூங்குகிறான்" என்றார். கிண்டல் இல்லை, நன்றியாகத்தான் சொன்னார்.

இந்தக் கூத்துகளுக்கு நடுவே மாதாமாதம் அறிக்கை. நிதி கொடுத்தவர்களுக்கு 75 சதவீத வருகை வேண்டும். தாழ்ப்பாள் காலத்தில் இரண்டு மாதம் நான் பொய்க்குறி போட்டிருக்கிறேன். வராத பிள்ளையை வந்ததாக எழுதுவது, சம்பளம் இல்லாத திருட்டு. நேர நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் சதவீதம் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989இல் ஏற்பட்டது. அங்கே ஒரு முறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். ஒன்பது முறை பொதுத்தேர்வு எழுதலாம். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. இந்த முறை இரண்டு, அடுத்த முறை ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தேர்வு. சித்திரை, வைகாசியில் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய், திரும்பி வர டிக்கெட் கிடைக்காமல் மாட்டிக்கொள்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அக்டோபர்தான் தோது. ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்த ஒரு ஏற்பாட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு பத்து நிமிடத்துக்குத் தாழ்ப்பாள் போட்டவள் நான். ஆனாலும் தேர்வு நாளன்று மட்டும் நான் பழைய ஆள்தான். மதியம் இரண்டரை மணிக்குத் தொடங்கும் தேர்வுக்குப் பன்னிரண்டு மணிக்கே எல்லோரும் மையத்தில் இருக்க வேண்டும் என்பேன். மழையில் சயான் தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் கேள்வித்தாள் காத்திருக்காது.

அந்தப் பெண் முதல் இரண்டு தேர்வுகளில் மூன்று பாடம் தேறினாள். பிறகு ஒரு துணி ஏற்றுமதிப் பட்டறையில் வேலை கிடைத்து நின்றுகொண்டாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியில் ஏறி வந்தாள். அங்கே விரல் வைக்கும் இயந்திரம் இருக்கிறதாம். மூன்று நாள் பிந்தினால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்களாம். இதுவரை ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை என்றாள். மீதி இரண்டு பாடத்துக்கு ஞாயிறு வகுப்பு உண்டா என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

"ஒன்பதே முக்காலுக்கு வைக்கட்டுமா?" என்றேன்.

"ஒன்பதுக்கே வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். இப்போது தம்பி பிடிக்கிறான்."