இழுக்கும், சரி. நிற்குமா?

பெரும்போக அறுவடை வந்தால் மட்டக்களப்புப் பக்கம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இந்த நடுத்தர டீசல் லொறி பாரம் தாங்குமா?"

இழுவையில் குறையே இல்லை. டீசல் இஞ்சின் குறைந்த சுற்றிலேயே நல்ல முறுக்குவிசை தரும், டர்போ இருந்தால் இன்னும் சுகம். ஆனால் இழுப்பது வேறு, தாங்குவது வேறு. வண்டித் தகட்டில் உள்ள மொத்த எடை (வண்டியும் பாரமும் சேர்த்து) 7,500 கிலோ, வெற்று எடை 3,000 கிலோ என்றால் மீதி 4,500தான். சாரதி, உதவியாள், படங்கு, கயிறு எல்லாம் அதற்குள்ளே அடக்கம். 65 கிலோ நெல் மூட்டை என்றாலும் 70 மூட்டையைத் தொடாது. வெட்டு மெசினிலிருந்து நேரே வரும் ஈர நெல்லை மூட்டை எண்ணி ஏற்றவே கூடாது, நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும்.

செங்கலடி, வாழைச்சேனைக்குள் ஓடும்வரை மட்டமான றோட்டு, ஒன்றும் தெரியாது. மகியங்கனை தாண்டிக் கண்டி மலைப்பாதையில் போகிறவர்கள் திரும்பி வரும்போது அந்த 18 வளைவுகளில் பாரத்தோடு இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ட்ரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஏறும் கியரிலேயே, எக்ஸோஸ்ட் பிரேக்கை (புகை போகும் வழியை அடைத்து இஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு இறங்குங்கள் தம்பிமாரே. பின் இரட்டை டயர்களின் காற்றையும் புறப்படுமுன் பாருங்கள். உள் டயரை யாருமே பார்ப்பதில்லை, அதுதான் எனக்குப் பயம்.